கோபம் குறைந்த நான்காம் மாதம்

யோகா ஆரம்பித்த நான்காவது மாதத்தில் எனக்குக் கோபம் குறைந்துவிட்டது. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். அம்மா அதைப் பக்கத்து வீட்டில் சொல்லிக்கூட வைத்துவிட்டார். எனக்கு மட்டும் ஒரு நெருடல். குறைந்தது கோபம்தானா, இல்லை கோபப்பட வேண்டியதைக் கண்டுகொள்ளும் திறனா?

நண்பர்களிடம் சொன்னால் சிரிக்கிறார்கள். "முதுகுவலி போச்சா, தூக்கம் வருதா, அப்புறம் என்னடா ஆராய்ச்சி?" நியாயமான கேள்விதான். நான் போனதே முதுகுவலிக்காகத்தான். தினமும் ஒன்பது பத்து மணி நேரம் நாற்காலி, மிச்ச நேரம் பைக். முப்பது வயதிலேயே குனிந்து ஷூ லேஸ் கட்டுவது ஒரு வேலையாகிவிட்டது. அந்த நேரம் பார்த்து, அலுவலகத்திலேயே வாரம் இரண்டு நாள் இலவச யோகா வகுப்பு என்று எச்.ஆரிடமிருந்து மெயில். மன அழுத்தத்தை வெல்வோம் என்கிற மாதிரி ஒரு தலைப்பு, கீழே ஒரு தாமரைப் படம். சோழிங்கநல்லூரில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் ஆறாவது மாடியில், டேபிள் டென்னிஸ் மேசையை ஓரமாகத் தள்ளிவிட்டுப் பன்னிரண்டு பேர் பாய் விரித்தோம். மேனேஜர்கள் யாரும் வரவில்லை. அந்த நேரத்தில் அவர்களுக்கு எப்போதும் ஒரு மீட்டிங் இருந்தது. இதைக் குத்தலுக்காகச் சொல்லவில்லை, பின்னால் தேவைப்படும்.

மாஸ்டருக்கு அறுபதைத் தாண்டியிருக்கும். மேடவாக்கத்திலிருந்து டிவிஎஸ் எக்ஸெல்லில் வருவார். முதல் நாள் நின்றபடி முன்னால் குனியச் சொன்னார். என் விரல்கள் முழங்காலுக்கு ஒரு சாண் கீழே நின்றுவிட்டன. பக்கத்தில், போன வருஷம் கல்லூரி முடித்து வந்த பெண் இரண்டு உள்ளங்கைகளையும் தரையில் பதித்திருந்தாள். மாஸ்டர் அவளைப் பாராட்டவும் இல்லை, என்னைத் தேற்றவும் இல்லை. "முட்டிய மடக்கிக்குங்க சார், ஒண்ணும் குடிமுழுகிடாது" என்றார். பிறகு எல்லோருக்குமாக ஒன்று சொன்னார். "இழுப்பு வேற, வலி வேற. இழுப்பு சதையில வரும், அங்க இருங்க. முட்டிக்குள்ள, இடுப்பு மூட்டுக்குள்ள குத்துச்சுன்னா வெளிய வந்துருங்க. அங்க நின்னுக்கிட்டு மூச்சு விட்டு சமாளிக்காதீங்க."

கேட்க எளிதாக இருக்கிறது. எனக்கு இரண்டு மாதம் பிடித்தது. தொடையின் பின்பக்கம் எரிகிற மாதிரி இருந்தால் பயந்து விலகுவேன். முட்டி ஓரத்தில் மெல்லக் குத்தினால், இதுதான் பலன் தருகிறது போல என்று பல்லைக் கடித்து நிற்பேன். நம் ஆட்களுக்கு உடம்பைப் பற்றிச் சின்ன வயதிலிருந்து தெரிந்த ஒரே கட்டளை, பொறுத்துக்கோ. எதைப் பொறுப்பது, எதைப் பொறுக்கக் கூடாது என்று பிரித்துச் சொல்ல யாரும் இருந்ததில்லை. பள்ளி பி.டி. பீரியடில்கூட வலித்தால் "ஓடு, சரியாயிடும்" என்பதுதான் பாடம். ஆரம்பநிலை யோகாவில் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய விஷயம் இந்தப் பிரிப்புதான் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். தலைகீழாக நிற்பதெல்லாம் இன்னும் எனக்கு வராது.

அடுத்தது மூச்சு. நாலு எண்ணி உள்ளே, ஆறு எண்ணி வெளியே. வெளிமூச்சு நீளமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். இதில் மாயம் எதுவும் இல்லை. மூச்சை இழுக்கும்போது இதயத் துடிப்பு கொஞ்சம் வேகமெடுக்கிறது, விடும்போது தணிகிறது. மூளையின் அடியிலிருந்து வயிறு வரை இறங்கும் வேகஸ் நரம்புக்கு இதில் பெரிய பங்கு. வெளிமூச்சை நீட்டினால் தணிகிற நேரமும் நீள்கிறது. மணிக்கட்டில் விரல் வைத்து நீங்களே பார்க்கலாம்.

என் சந்தேகம் இங்கேதான் தொடங்கியது. அந்த நரம்புக்குக் காரணம் தெரியாது. நாய் துரத்தியதால் படபடக்கிறேனா, கடன் தவணை தவறியதாலா, கண்முன்னால் ஒருவருக்கு அநியாயம் நடந்ததாலா என்று அது விசாரிப்பதில்லை. ஆறு எண்ணினால் போதும், எல்லாவற்றையும் ஒரே மாதிரி அடக்கிவிடும்.

நான்காவது மாதத்தில் எங்கள் டீமில் ஒரு அக்காவை பிஐபியில் போட்டார்கள். ஐடியில் இருப்பவர்களுக்கு விளக்க வேண்டாம். மற்றவர்களுக்கு: உங்கள் வேலை சரியில்லை, இத்தனை நாளுக்குள் திருந்துங்கள் என்று எழுத்தில் தருவது. பெயரில் முன்னேற்றத் திட்டம், நடப்பில் பல இடங்களில் அது வாசல் கதவு. அக்காவின் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்திருந்தது. அதனால் சனிக்கிழமை கால்களுக்கு வர முடியாது என்று சொல்லியிருந்தார். அந்தக் காலாண்டில் ரிலீஸ் தள்ளிப்போனது. வாடிக்கையாளர் தனக்கு வேண்டியதை மூன்று முறை மாற்றியதால் தள்ளிப்போனது. ஆனால் யார் பெயரிலாவது அது எழுதப்பட வேண்டுமே.

மேனேஜர் மீட்டிங்கில் இதைச் சொன்னபோது நான் என்னைக் கவனித்தேன். முன்பென்றால் காது சூடாகும், கால் ஆடும். இப்போது எதுவும் இல்லை. யாரும் சொல்லாமலே மூச்சு நாலுக்கு உள்ளே, ஆறுக்கு வெளியே என்று ஓடிக்கொண்டிருந்தது. நன்றாகப் பழகிய மாணவன்.

அக்காவும் வகுப்புக்கு வந்துகொண்டிருந்தார். அன்று கேன்டீனில் என்னைப் பார்த்துச் சொன்னார்: "உனக்கு யோகா செட் ஆயிடுச்சுடா. எனக்கு ஆகல. சவாசனத்துல படுத்தா அழுகதான் வருது." நக்கலா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை.

எபிக்டெட்டஸ் என்ற தத்துவவாதியைப் பற்றி ஒரு பழைய கதை உண்டு. அவர் ரோமாபுரியில் அடிமையாக இருந்தவர், ஒரு கால் ஊனம். அந்தக் கால் எப்படிப் போனது என்பதுதான் கதை. எஜமான் அவர் காலை முறுக்கினான். எபிக்டெட்டஸ் முகம் மாறாமல், இப்படியே செய்தால் உடைந்துவிடும் என்றார். அவன் விடவில்லை. உடைந்தது. சொன்னேன் இல்லையா, உடையும் என்று, என்றார் எபிக்டெட்டஸ். நடந்ததா இல்லையா என்பதில் அறிஞர்களுக்குள் ஒத்த கருத்து இல்லை. நோயால் போன கால் என்றும் ஒரு குறிப்பு இருக்கிறது. உண்மையோ பொய்யோ, இரண்டாயிரம் வருஷமாக மன அமைதிக்கு உதாரணமாக இந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

எனக்கும் அந்த மனிதர்மேல் மரியாதை உண்டு. கால் அடுத்தவன் பிடியில், சட்டம் அவன் பக்கம், ஓட வழியில்லை. அப்போது மனம் ஒன்றுதான் தன் வசம். அதைக் கலங்காமல் வைத்துக்கொண்டது பெரிய விஷயம். ஆனால் கதையில் ஒரே ஒரு மாற்றம் செய்து பாருங்கள். காலை முறுக்குகிற எஜமானே, "உனக்கு வலி தெரியாமல் இருக்க ஒரு மூச்சுப் பயிற்சி ஏற்பாடு செய்திருக்கிறேன், செவ்வாய் வியாழன் ஐந்தரைக்கு, இலவசம்" என்று சொன்னால்? அடிமையின் அமைதி அப்போதும் அதே அமைதிதான். துடிப்பும் அதே அளவு தணியும். ஆனால் அதைப் பெருமையாகச் சொல்ல நமக்கு வாய் வராது.

அதாவது, அமைதி நல்லதா கெட்டதா என்பது அமைதியை மட்டும் பார்த்துச் சொல்லக்கூடியது இல்லை. கால் யார் கையில் இருக்கிறது என்றும் பார்க்க வேண்டியிருக்கிறது.

இதை வள்ளுவர் எவ்வளவு துல்லியமாகப் பிடித்திருக்கிறார் என்பது வெகுளாமை அதிகாரத்தை இந்தக் கேள்வியோடு திரும்பப் படித்தபோதுதான் உறைத்தது. பள்ளியில் கோபம் கூடாது என்று ஒற்றை வரியில் சுருக்கிச் சொல்லிவிட்டார்கள். அவர் தொடங்குவது வேறு இடத்தில். தன் கோபம் செல்லுபடியாகிற இடத்தில் அதைக் காப்பவன்தான் சினம் காப்பவன்; செல்லாத இடத்தில் காத்தால் என்ன, காக்காவிட்டால் என்ன என்கிறார். உங்கள் கோபம் யாரைச் சுடும் வல்லமை உள்ளதோ அவர்முன் அடக்குவதுதான் கணக்கில் வரும். மேலதிகாரி முன்னால் நான் அமைதியாக இருந்ததற்கு வள்ளுவரிடம் மதிப்பெண் கிடையாது. செல்லாத இடத்துக் கோபம் தீது என்று அடுத்த குறளில் சொல்லத்தான் செய்கிறார். வலியவனிடம் கோபப்பட்டால் நமக்கே கேடு என்று உரைகள் விளக்குகின்றன. அது எச்சரிக்கை. அதே மூச்சில், செல்லும் இடத்துக் கோபத்தைவிடத் தீயது வேறில்லை என்றும் முடிக்கிறார். அது குற்றச்சாட்டு. வள்ளுவர் எங்கள் எச்.ஆராக இருந்திருந்தால் அந்த ஆறாவது மாடியில் முதல் பாய் மேனேஜருக்குத்தான் விரித்திருப்பார்.

இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் என் கோபம் குறைந்தது ஒரே விஷயம் இல்லை, இரண்டு விஷயம். வேதாத்திரி மகரிஷியின் மனவளக்கலையில் சினம் தவிர்த்தல் என்றே ஒரு பாடம் உண்டு. கூடுவாஞ்சேரியில் நெசவாளர் குடும்பத்தில் 1911இல் பிறந்தவர் அவர். யோகத்தைக் காவியிலிருந்தும் காட்டிலிருந்தும் எடுத்து, குடும்பஸ்தர்கள் சாயங்காலம் வந்து கற்றுக்கொண்டு போகிற மாதிரி தெருவோர மன்றங்களுக்குக் கொண்டுவந்தார். அம்மா எங்கள் ஊர் மன்றத்தில் சில மாதம் போனவர். "கோவம் எப்பவும் கிட்ட இருக்கறவங்க மேலதான்டா விழுது, தூரத்துல இருக்கறவன் மேல விழறதேயில்ல" என்பார். உண்மைதான். ஆபீஸில் இறக்கி வைக்க முடியாதது வீட்டில் சோற்றுத் தட்டின்மேல் இறங்கும். எத்தனை தலைமுறை அப்பாக்கள் இப்படித்தான் வாழ்ந்தார்கள். அந்தக் கோபத்தை யோகா குறைத்ததென்றால் அதில் எந்த மறுப்பும் இல்லை. அம்மா பக்கத்து வீட்டில் சொன்னதற்கு முழு நியாயம் உண்டு. ஒரே மூச்சுப் பயிற்சி வீட்டில் நல்லதாகவும் ஆபீஸில் சந்தேகத்துக்குரியதாகவும் இருக்க முடியும் என்பதைத்தான் நான் சொல்ல வருகிறேன்.

இதற்கு வழக்கமாக ஒரு பதில் வரும். யோகா தெரிந்தவர்கள் சொல்வார்கள்: தம்பி, நீ பார்த்தது வெறும் ஆசனமும் மூச்சும், உண்மையான யோகம் மனிதனைத் தானாகவே நல்லவனாக்கும். எனக்கு இதில் நம்பிக்கை வரவில்லை. கீதையில் சமநிலையே யோகம் என்று கிருஷ்ணன் சொல்லும் இடம் போர்க்களம். அர்ஜுனனை அமைதிப்படுத்துவது வீட்டுக்கு அனுப்ப இல்லை, வில்லை எடுக்க வைக்க. அந்தப் போர் நியாயமா என்பது தனி விவாதம். சமநிலை அந்த விவாதத்தைத் தீர்த்து வைக்காது என்பதுதான் விஷயம். பிரையன் விக்டோரியா 1997இல் எழுதிய புத்தகம் ஒன்று, ஜப்பானிய ஜென் மடங்கள் ஏகாதிபத்தியப் போர்களுக்கு எப்படித் துணை நின்றன என்பதை ஆவணங்களோடு காட்டியது. தியானத்தில் வருஷக்கணக்காக உட்கார்ந்தவர்கள் அவர்கள். கை நடுங்காமல் இருப்பது ஒரு திறமை. அறுவை மருத்துவருக்கும் வேண்டும், கொலைகாரனுக்கும் உதவும்.

பதஞ்சலி இதை அறிந்திருந்தார் போலத்தான் தெரிகிறது. யோக சூத்திரத்தில் மொத்தம் 195 சூத்திரங்கள், சில பதிப்புகளில் 196. அதில் ஆசனத்துக்கென்று இருப்பவை மூன்றே மூன்று. எட்டு அங்கங்களில் ஆசனம் மூன்றாவது. முதல் அங்கமான யமத்தில் வருபவை கொல்லாமை முதலான தீங்கின்மை, பொய்யாமை, திருடாமை, புலனடக்கம், தேவைக்கு மேல் சேர்க்காமை. பெரும்பாலும் அடுத்தவரோடு நாம் எப்படி நடந்துகொள்கிறோம் என்கிற விவகாரம். நம் வகுப்புகள் நேராக மூன்றாவது படியில் காலை வைக்கின்றன. முதுகுவலிக்காரனுக்கு அது போதும், நானும் அப்படி ஏறியவன்தான். ஆனால் ஒரு நிறுவனம் யோகாவை ஏற்றுக்கொண்டேன் என்று சொன்னால், திருடாமையை எங்கே வைத்தீர்கள் என்று கேட்கலாம் அல்லவா? சனிக்கிழமை என்பதும் ஒருவருடைய சொத்துதான்.

அதற்காகப் பதஞ்சலியை முழுக்க என் பக்கம் இழுத்துக்கொள்ளவும் முடியாது. முதல் பாதத்தில் மனம் தெளிவதற்கு நான்கு மனப்பான்மைகளைச் சொல்கிறார்: இன்பத்தில் இருப்பவரிடம் நட்பு, துன்பத்தில் இருப்பவரிடம் கருணை, நல்லவரைக் கண்டு மகிழ்ச்சி, தீயவரிடம் உபேக்ஷை, அதாவது கண்டுகொள்ளாமை. முதல் மூன்றும் சரி. நான்காவது? உபேக்ஷை என்றால் தீமையை அல்ல, தீயவரை மட்டும் ஒதுக்குவது என்று சிலர் சமாதானம் சொல்கிறார்கள். கொஞ்சம் வசதியான சமாதானமாகத் தெரிகிறது. காட்டில் இருக்கும் துறவிக்கு அந்த அறிவுரை பொருந்தலாம், தீயவன் அவர் குடிசைக்கு அருகில் வந்தால் கதவைச் சாத்திக்கொள்வார். மாதச் சம்பளக்காரனுக்கு அப்படிக் கதவில்லை; அவன் எடுக்கும் முடிவு மெயிலில் வந்து விழுகிறது, எனக்கு இல்லாவிட்டாலும் பக்கத்து நாற்காலிக்கு. இந்த ஓர் இடத்தில் நான் பதஞ்சலியோடு உடன்படவில்லை. நான்கு மாதம் பாய் விரித்தவன் பதஞ்சலியோடு உடன்படாவிட்டால் அவருக்கு ஒன்றும் நஷ்டமில்லை.

சினத்தையும் பழகச் சொன்னவர் பாரதி. அது இப்போது டீ-ஷர்ட்டில் வருகிறது, அதனாலேயே நமக்குச் சலித்துவிட்டது. எனக்கு அதில் பிடித்தது சினம் இல்லை, பழகுவது. யோகாவில் அப்பியாசம் என்பார்கள், அதே சொல். கோபம் தானாக வெடிப்பது, அமைதிதான் பயிற்சியால் வருவது என்றே நினைத்துப் பழகிவிட்டோம். யாரிடம், எதற்காக, எவ்வளவு, எந்த நேரத்தில் கோபப்படுவது என்பதையும் கற்றுக்கொள்ள வேண்டும் என்று அரிஸ்டாட்டில் சொல்லியிருக்கிறார். படவேண்டியதற்குக் கோபப்படாதவனை அவர் நல்லவன் பட்டியலில் சேர்க்கவில்லை.

அக்காவைப் பற்றி டீமில் இருந்தவர்கள் எழுத்தில் கருத்துத் தர வேண்டும் என்று ஒருநாள் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். "சும்மா ஒரு நாலு வரி எழுதிக் குடுப்பா. டெலிவரி லேட்டானது உனக்கே தெரியுமே" என்றார். என்ன நாலு வரி என்பதும் அதிலேயே இருந்தது. இருக்கைக்குத் திரும்பி அந்தப் படிவத்தைத் திறந்தேன். மூச்சு சீராகத்தான் இருந்தது. ஆனால் தொப்புளுக்கு மேலே, வயிறு இறுகிக் கிடந்தது. சவாசனத்தில் மாஸ்டர் கால் விரலிலிருந்து நெற்றி வரை ஒவ்வோர் இடமாகக் கவனிக்கச் சொல்வார், அதில் நான் எப்போதும் கடைசியாகக் கண்டுபிடிக்கிற இடம் அது. இது இழுப்பு இல்லை, உள்ளே குத்துவது என்று தெரிந்தது. மூச்சு விட்டுச் சமாளிக்கக் கூடாத இடம்.

வாடிக்கையாளர் எந்தெந்தத் தேதியில் எதை மாற்றினார், அக்கா எந்தெந்தத் தேதியில் தன் பகுதியை முடித்துக் கொடுத்தார் என்று எழுதினேன். நாலு வரி பதினோரு வரியானது. ஒரு இடத்தில்கூட ஆச்சரியக்குறி இல்லை. கோபத்தோடு இருந்திருந்தால் கத்தியிருப்பேன், அமைதியாக இருந்ததால்தான் எழுத முடிந்தது என்று முடிச்சுப் போடுவது சுலபம். அது பாதிதான் சரி. கை நடுங்காமல் எழுத வைத்தது மூச்சாக இருக்கலாம். எழுத வேண்டும் என்று சொன்னது வயிறு. ஒரே வகுப்பு இரண்டையும் எனக்குக் கற்றுக்கொடுத்தது; எச்.ஆர் காசு கொடுத்தது முதலாவதுக்கு மட்டும்.

அதனால் எதுவும் மாறிவிடவில்லை. இரண்டு மாதத்தில் அக்கா ராஜினாமா கடிதம் கொடுத்தார், கொடுக்க வைக்கப்பட்டார். அந்த வருஷம் என் ரேட்டிங் ஒரு படி இறங்கியது. அதற்கு இதுதான் காரணம் என்று என்னால் நிரூபிக்க முடியாது.

மாஸ்டரிடம் ஒருநாள் வகுப்பு முடிந்து பாயைச் சுருட்டும்போது கேட்டேன். "மாஸ்டர், யோகா பண்ணா கோவமே வரக்கூடாதா?" அவர் எக்ஸெல் சாவியைத் தேடிக்கொண்டிருந்தார். "கோவம் வேணும்னா வெச்சுக்குங்க சார், யார் வேணாங்கறா. பல்லக் கடிக்காம வெச்சுக்குங்க. கழுத்து புடிச்சுக்கும்." அக்காவின் அழுகையைப் பற்றியும் கேட்டேன். நிறைய பேருக்கு வரும், வரட்டும், கண்ணைத் துடைக்கிறதுக்காக எழுந்திருக்க வேணாம்னு சொல்லுங்க என்றார்.

போன மாதம் அக்கா ஃபோன் செய்தார். கிண்டியில் ஒரு சின்னக் கம்பெனியில் இருக்கிறார். அப்பா கோல் ஊன்றி வாசல் வரை நடக்கிறாராம். காலையில் அரை மணி நேரம் வீட்டிலேயே யோகா செய்கிறார், சவாசனத்தில் அழுகை இன்னும் வருகிறது, ஆனால் முன்பு மாதிரி இல்லை என்றார். 2016இல் தமிழ்நாடு அரசு, ஐடி ஊழியர்களும் தொழிற்சங்கம் வைத்துக்கொள்ளலாம் என்று தெளிவுபடுத்தியது. அப்படி ஒரு சங்கத்தில் இருப்பவர்களைப் பார்த்துப் பேசியிருக்கிறார். தொழிலாளர் துறையில் மனு கொடுக்கப் போகிறாராம். "ஒரு வருஷம் கழிச்சு எதுக்குக்கான்னு கேக்காத. எனக்கு இப்பதான் தூக்கம் வருது. இப்பதான் யோசிக்கவே முடியுது" என்றார். பிறகு கேட்டார், "அன்னிக்கு என்னப் பத்தி ஏதோ எழுதிக் குடுத்தியே, அது காப்பி இருக்காடா?"

இருந்தது. நான் இன்னும் அதே ஆறாவது மாடியில்தான் வேலை பார்க்கிறேன். வீட்டுக் கடனில் பதினாலு வருஷம் பாக்கி இருக்கிறது. "தேடிப் பாத்து அனுப்பறேன்க்கா" என்றேன். தேட வேண்டியிருக்கவில்லை, எந்த ஃபோல்டர் என்று தெரியும். அன்று இரவே அனுப்பினேன்.